தனுஷ்கோடி சாலையில் உங்களுக்கு மறக்காத காட்சி எது?

மணல்மேடு:
போன ஆகஸ்ட். அரிச்சல்முனை போகிற வழியில், இடிந்த தேவாலயத்துக்குக் கொஞ்சம் தள்ளி வண்டியை நிறுத்தினோம். மற்றவர்கள் செல்பிக்கு ஓடிவிட்டார்கள். கடல் கூப்பிடு தூரத்தில். ஓர் அக்கா மணலில் முழங்கை ஆழக் குழி பறித்து, கொட்டாங்கச்சியால் தண்ணீர் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு தடவை மொண்டால், மறுபடி ஊறும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். "குடிச்சுப் பாருங்க தம்பி" என்று நீட்டினார். துளி உப்பில்லை! குடம் கால்வாசிகூட நிறையவில்லை, அதில் இரண்டு கொட்டாங்கச்சி நான் குடித்தேன். எங்கள் டிக்கியில் 20 லிட்டர் கேன் பிரிக்காமல் கிடந்தது ராமேஸ்வரம் திரும்பிய பிறகுதான் உறைத்தது.

அப்புறம், இடப்பக்கக் கடல் குளம் மாதிரி, வலப்பக்கம் ஒரே சீற்றம். பெண்கடல், ஆண்கடல் என்று சும்மாவா சொன்னார்கள்.

பூநாரை:
யார் சொன்னது? நான் போனது டிசம்பரில். இடப்பக்கம்தான் அடித்துத் துவைத்தது, வலப்பக்கம் பரம சாது. என் கதை கோதண்டராமர் கோயில் பக்கம். தேங்கிய நீரில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. தூரத்திலிருந்து வெறும் வெள்ளைதான். ஒரு நாய் குரைத்ததும் மொத்தமாக எழும்பின பாருங்கள், இறக்கை விரிந்ததும் அப்படியொரு சிவப்பு! போன் பைக்குள்ளேயே இருந்தது.

பழைய வேன்:
இரண்டு பேரும் சண்டை போட வேண்டாம். தென்மேற்குக் காற்றில் வலப்பக்கத்து மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வாடைக்காலத்தில் இடப்பக்கத்துப் பாக் நீரிணை. நான் போனது 2017-இல் தார்ச்சாலை திறப்பதற்கு முன்னால். வேன் தண்ணீருக்குள்ளேயே உருண்டது, கதவிடுக்கில் ஒரு நண்டு ஏறி வந்தது. அவ்வளவுதான்.

இனிமேல் போகிறவர்களுக்கு: காலையிலேயே போங்கள், சாயங்காலத்துக்குமேல் உள்ளே விடமாட்டார்கள். முனையில் குளிக்காதீர்கள், நீரோட்டம் இழுத்துவிடும். காரை மணலில் இறக்காதீர்கள், சிக்கினால் தள்ளிவிட ஆள் தேட வேண்டும். திரும்பியதும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உப்பு அரித்துவிடும். பெட்ரோலை ராமேஸ்வரத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள். தொப்பி, குடிதண்ணீர் கட்டாயம். அந்த ஊற்றை நீங்களே தோண்டிப் பார்க்க வேண்டாம். மணலில் இறங்கிய மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீர்மேல் மிதக்கிறது, ஆழம் போனால் கரித்துவிடும்.

மணல்மேடு:
சரி அண்ணே, காரைக் கழுவுகிறேன். அந்தக் குடம் நிறைய அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?