குடும்ப வரலாற்றுத் தளத்தில் செய்யும் திருத்தங்கள் உறவினர்களின் செய்தியோடையில் வரவில்லை: எங்கே தவறு?

கேள்வி: பட்டுக்கோட்டைப் பேரன்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தந்தைவழிக் குடும்பத்தின் வரலாற்றைத் தொகுத்து வேர்ட்பிரஸில் ஒரு தளம் நடத்தி வருகிறேன். பாட்டனார் தலைமுறையில் சிலர் பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து புறப்பட்டு, நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பலேறிப் பினாங்குக்குப் போனார்கள். அவர்களுடைய வழியினர் இன்று பினாங்கிலும் சென்னையிலும் டொராண்டோவிலும் இருக்கிறார்கள். தளத்தில் ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு பக்கமும் ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு பதிவும் உண்டு. நிகழ்வுகள் காலவரிசையில் நிற்க வேண்டும் என்பதற்காக, அந்த நிகழ்வு நடந்த தேதியையே பதிவின் வெளியீட்டுத் தேதியாக இட்டு வருகிறேன்.

புதிதாகக் கிடைத்தவற்றை இதுவரை வாட்ஸ்அப் குழுவில்தான் சொல்லி வந்தேன். காலை வணக்கங்களும் பிறந்தநாள் வாழ்த்துகளும் அடுத்தடுத்து வர, என் செய்தி மேலே போய் மறைந்துவிடும். அதனால் நேர்ந்த ஒரு தவறு என்னை மிகவும் வருத்தியது.

பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஒரு கிரயப் பத்திரத்தின் கிழியாத பகுதியில் "தாது வருஷம் தை மாதம்" என்று மட்டுமே தேதி இருந்தது. அதை 1937 என்று கணக்கிட்டு, பேரனுடைய பக்கத்தில் சேர்த்துவிட்டேன். பிறகு ஒருநாள் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது, முத்திரைத்தாளின் தலைப்பில் இருந்தது விக்டோரியா மகாராணியின் உருவம் என்று தெரிந்தது. அப்படியானால் அது அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய தாது வருஷம். பஞ்சம் தலைவிரித்தாடிய 1877 தை. நிலத்தை விற்றவர் பேரன் அல்லர், அதே பெயருடைய பாட்டன். பக்கத்தைத் திருத்தினேன், குழுவிலும் சொன்னேன். ஆயினும் பினாங்கில் நடந்த குடும்பக் கூடலுக்கு அச்சிட்ட சிறு நூலில் பழைய தவறே இடம்பெற்றுவிட்டது. அவர்கள் என் செய்தியைப் பார்க்கவே இல்லை.

அதன் பிறகுதான், தளத்தில் புதிதாக வருவதை வேண்டியவர்களிடம் தானாகவே சேர்க்கும் செய்தியோடையின் நினைவு வந்தது. ஏழு உறவினர்களுக்கு முகவரியைக் கொடுத்து, ஃபீட்லி என்ற ஓடைவாசிப்பானில் சேர்க்கவும் சொல்லிக்கொடுத்தேன். ஆறு மாதங்களாகியும் அவர்களுக்கு வந்தது ஒரே ஒரு பதிவு. அதுவும் அடுத்த கூடலுக்கான அழைப்பு. இடையில் நான் எழுதிய இருபதுக்கும் மேற்பட்ட பதிவுகளும் செய்த திருத்தங்களும் எங்கே போயின? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: திரட்டிக் காலத்து வாசகி

ஐயா, வணக்கம். அழைப்பு மட்டும் வந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. அந்த ஒரு பதிவுக்கு மட்டும் நீங்கள் அன்றைய தேதியை இட்டிருப்பீர்கள்.

செய்தியோடை என்பது தளம் தானாகவே எழுதிவைக்கும் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு. ஓடைவாசிப்பான் அவ்வப்போது அந்தக் கோப்பை வந்து பார்த்து, தான் முன்பு காணாத பதிவு இருந்தால் எடுத்துக்கொள்கிறது. வேர்ட்பிரஸ் அதில் எல்லாப் பதிவுகளையும் வைப்பதில்லை. நாம் அமைப்பை மாற்றாத வரையில், வெளியீட்டுத் தேதிப்படி அண்மையிலுள்ள பத்துப் பதிவுகளை மட்டுமே வைக்கிறது. 1931-இல் நடந்த கப்பல் பயணத்தைப் பற்றி நீங்கள் நேற்று எழுதியிருந்தாலும், அதற்கு 1931 என்று தேதியிட்டால் அது வரிசையின் அடிக்குப் போய்விடும். அந்தப் பத்துக்குள் ஒருபோதும் வராது. வாசிப்பானின் மீது குற்றமில்லை, அதன் கண்ணில் அந்தப் பதிவு படவே இல்லை.

இரண்டாவது காரணமும் உண்டு. வேர்ட்பிரஸில் "பக்கம்" வேறு, "பதிவு" வேறு. ஓடையில் இயல்பாக வருபவை பதிவுகள் மட்டுமே. மனிதர்களுக்கான பக்கங்களில் நீங்கள் எத்தனை திருத்தம் செய்தாலும் ஓடைக்கு அது தெரியாது. பத்திரத் திருத்தத்தின் போதே உங்கள் உறவினர்கள் ஓடையில் சேர்ந்திருந்தாலும் அது அவர்களைச் சென்றடைந்திருக்காது.

ஆகவே ஓடையில் வரும் தேதி, செய்தி எப்போது நமக்குத் தெரியவந்தது என்பதைச் சொல்ல வேண்டும். நிகழ்ச்சி எப்போது நடந்தது என்பதைத் தலைப்பும் உள்ளடக்கமும் சொல்லட்டும். தலைப்பை "1931: நாகப்பட்டினத்திலிருந்து பயணம்" என்று ஆண்டில் தொடங்கினால், காலவரிசைப் பட்டியலைத் தலைப்பின் அகரவரிசைப்படியே அமைத்துக்கொள்ளலாம்.

திருத்தங்களைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: ஒவ்வொரு திருத்தத்துக்கும் புதிதாக ஒரு சிறு பதிவு எழுதுங்கள். ஓடைக் கோப்பை எழுதும் வடிவங்கள் இரண்டு. 2002-இல் வந்த ஆர்எஸ்எஸ் 2.0 வடிவத்தில் ஒரு பதிவுக்கு வெளியீட்டுத் தேதி மட்டுமே உண்டு. 2005 டிசம்பரில் தரப்படுத்தப்பட்ட ஆட்டம் வடிவத்தில் வெளியிட்ட நேரம், திருத்திய நேரம் என்று இரண்டையும் தனித்தனியே குறிக்கலாம். வேர்ட்பிரஸ் அந்த வடிவத்தையும் தருகிறது. ஆனால் திருத்திய பதிவை மீண்டும் புதியதாகக் காட்டுவதா வேண்டாமா என்பதில் வாசிப்பான்கள் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. அப்படியே காட்டினாலும், ஏதோ மாறியிருக்கிறது என்று தெரியுமே தவிர, எது மாறியது, எதனால் மாறியது என்பது தெரியாது. குடும்ப வரலாற்றில் அந்த "எதனால்" என்பதுதான் உயிர். முத்திரைத்தாளில் விக்டோரியாவின் உருவத்தைக் கண்டதாக இங்கே எங்களுக்குச் சொன்னீர்கள் அல்லவா, அந்த நான்கு வரிகளைத்தான் பினாங்கிலிருந்தவர்கள் படித்திருக்க வேண்டும். முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன ஆனது, எந்தச் சான்றால் ஆனது என்பவற்றை எழுதி, திருத்திய பக்கத்துக்கு ஓர் இணைப்பும் கொடுத்தால் போதும்.

ஓர் எச்சரிக்கை. இதைப் படித்தவுடன் பழைய பதிவுகள் அனைத்துக்கும் இன்றைய தேதியை இட்டுவிடாதீர்கள். ஒரே நாளில் இருபது பதிவுகள் நுழைந்தால் ஓடையில் நிற்பவை கடைசிப் பத்து மட்டுமே. மற்றவை வாசிப்பான் வந்து பார்ப்பதற்குள் வெளியே தள்ளப்பட்டுவிடும். வாரத்துக்கு இரண்டு மூன்றாக விடுங்கள். கிளை வாரியாகப் பதிவுகளை வகைப்படுத்தி வைத்தால் ஒவ்வொரு வகைக்கும் தனி ஓடை தானாகவே கிடைக்கும் என்பதால், பினாங்குக் கிளைச் செய்தி மட்டும் போதும் என்பவருக்கு அந்த முகவரியைத் தரலாம்.

பதில்: ஏட்டுப்பெட்டி

மேலே அம்மையார் கூறியதை முழுமையாக ஏற்கிறேன். உயிருடன் இருப்பவர்களைப் பற்றியும் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஓடையில் ஒருமுறை போனது திரும்பாது. தளத்திலிருந்து பதிவை நீக்கிவிட்டாலும், வாசிப்பான் எடுத்துச் சென்ற படி அங்கேயே இருக்கும். எங்கள் தளத்தில் ஒரு பேத்தியின் பிறந்த தேதியையும் தாயின் பிறந்த வீட்டுப் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டு, அவர் கேட்டுக்கொண்டதன் பேரில் ஒரு மணி நேரத்துக்குள் நீக்கினேன். ஆனால் என்னுடைய வாசிப்பானிலேயே அது பல மாதங்கள் அப்படியே இருந்தது. அடையாளத்தைச் சரிபார்க்கக் கேட்கப்படும் விவரங்கள் இவை என்பதால் அந்தப் பெண்ணின் அச்சம் நியாயமானது.

கடவுச்சொல் இட்ட பதிவு பாதுகாப்பானது என்றும் எண்ண வேண்டாம். வேர்ட்பிரஸ் அதன் உள்ளடக்கத்தை ஓடையில் மறைத்தாலும் தலைப்பை மறைப்பதில்லை. "இன்னாருக்கு இன்ன தேதியில் பெண் குழந்தை" என்று தலைப்பிட்டால் சொல்ல வேண்டியதெல்லாம் வெளியே போய்விடும். மறைந்தவர்களைப் பற்றிய செய்திகளுக்கு மட்டும் ஓடையைப் பயன்படுத்துங்கள். இருப்பவர்களின் விவரங்களை உள்நுழைந்து பார்க்கும் பக்கங்களில் வையுங்கள். வம்சாவளிக்கென்றே உருவாக்கப்பட்ட வெப்ட்ரீஸ் மென்பொருள், உயிருடன் இருப்பவர்களின் விவரங்களைப் பொதுப் பார்வையாளரிடமிருந்து இயல்பாகவே மறைக்கிறது. தளம் பெரிதாகும்போது அதையும் கருதிப் பார்க்கலாம்.

கேள்வியாளரின் மறுமொழி: பட்டுக்கோட்டைப் பேரன்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு பத்திரத் திருத்தத்தைத் தனிப் பதிவாக, "கிரயப் பத்திரம்: 1937 அல்ல, 1877" என்ற தலைப்பில், நேற்றைய தேதியுடனேயே வெளியிட்டேன். காலையில் டொராண்டோவிலுள்ள தம்பி, வாசிப்பானில் அது வந்திருப்பதைப் படமெடுத்து அனுப்பினான். கூடவே, "அந்த நிலம் எந்தப் பக்கம் இருந்தது?" என்று ஒரு கேள்வியும் கேட்டிருந்தான். இத்தனை ஆண்டுகளில் அவன் கேட்ட முதல் கேள்வி அது. உயிருடன் இருப்பவர்களின் பெயர் வரும் மூன்று பதிவுகளையும் உள்நுழைவுப் பக்கங்களுக்கு மாற்றிவிட்டேன்.

இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. பினாங்கிலுள்ள என் பெரியத்தைக்கு எழுபத்தெட்டு வயது. மின்னஞ்சல் மட்டுமே பார்ப்பார். புதிய செயலி எதையும் அவர் தொட மாட்டார். பழைய ஆட்களை அடையாளம் சொல்லத்தக்கவரும் அவர் ஒருவரே. அவரிடம் இதை எப்படிச் சேர்ப்பது?

பதில்: திரட்டிக் காலத்து வாசகி

மிக்க மகிழ்ச்சி, ஐயா. அத்தையிடம் ஓடை என்ற சொல்லையே எடுக்க வேண்டாம். ஓடையைக் கவனித்து, புதிய பதிவு வந்ததும் மின்னஞ்சலாக அனுப்பும் சேவைகள் இருக்கின்றன. பிளாக்டிராட்டர் அவற்றில் ஒன்று. அவருடைய சம்மதத்தைப் பெற்று, முகவரியை நீங்களே பதிந்து கொடுங்கள். அவர் கணினியில் தண்டர்பேர்டு வழியாக அஞ்சல் படிப்பவர் என்றால் அதுவும் தேவையில்லை. அந்த மென்பொருளே ஓடைகளை வாங்கி, அஞ்சல்களைப் போல வரிசையாகக் காட்டும்.

இந்தச் சேவைகள் நாளை நின்றுபோனாலும் கவலைப்பட வேண்டாம். 2013 ஜூலை 1 அன்று கூகுள் ரீடர் என்ற ஓடைவாசிப்பான் மூடப்பட்டபோது, ஓடைப் பட்டியலை ஒரு கோப்பாக எடுத்துக்கொண்டு வேறொரு வாசிப்பானில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர்களில் நானும் ஒருத்தி. ஓடை உங்கள் தளத்தில் இருக்கும் வரை, அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவரை மாற்றிக்கொள்ளலாம்.

வேர்ட்பிரஸின் வாசிப்பு அமைப்பில் ஓடைக்குச் சுருக்கமா முழு உரையா என்று கேட்கும். முழு உரையையே தேர்ந்தெடுங்கள். இணைப்பை அழுத்தி வேறு பக்கத்துக்குப் போகச் சொன்னால் அத்தை அங்கேயே நிறுத்திவிடக்கூடும். ஒவ்வொரு பதிவின் அடியிலும் உங்கள் மின்னஞ்சல் முகவரியை மறவாமல் எழுதுங்கள். இல்லாவிட்டால், "படத்தில் இடப்பக்கம் நிற்பவர் நீ எழுதியவர் அல்லர், அவருடைய மூத்தார் மகன்" என்று அவர் எழுதும் பதில், உங்களுக்கு வராமல் அந்தச் சேவையின் முகவரிக்குப் போய்விடும்.