வைத்த கன்றுக்குத் தண்ணீர் விட்ட கதைகள்

மூன்று ஊர்க்காரர், ஒருவர் சொன்னதைக் கேட்டு மற்றவர் சொன்னவை இவை.

கிளிநொச்சி, இரணைமடுப் பக்கம்

நாங்கள் மீள்குடியேறி வந்தபோது வளவில் நின்றது தலையில்லாத இரண்டு தென்னையும் ஒரு வேம்பும்தான். அதனால் இந்த வீட்டில் ஒரு கன்று பட்டுப்போனால் எல்லோருக்கும் மனம் நொந்துவிடும்.

போன வருடம் சித்திரை மழை இரண்டு நாள் அடித்துப் பெய்தது. அந்த ஈரத்தை நம்பி மூன்று கறுத்தக்கொழும்பான் ஒட்டுமாங்கன்றும் ஒரு தேசியும் (எலுமிச்சை), வேலியோரத்துக்கு ஆறு செவ்வரத்தையும் (செம்பருத்தி) வைத்தோம். பின்னேரத்தில் பைப்பைப் பிடித்து ஒவ்வொன்றுக்கும் கொஞ்ச நேரம் விடுவேன். மண் நனைந்து கறுத்துத் தெரியும். சரி, போதும் என்று அடுத்ததுக்குப் போய்விடுவேன்.

வைகாசிக் கடைசியில் சோளகம், அதுதான் தென்மேற்குக் காற்று, கிளம்பியது. அந்தக் காற்று இலையில் இருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகும். ஆனியில் ஒரு மாங்கன்றின் இலை சுருண்டது. தண்ணீர் காணாதாக்கும் என்று காலையும் மாலையும் விட்டேன். பத்து நாளில் கன்று பட்டுப்போனது.

பிடுங்கிப் பார்த்தபோது வயிறு எரிந்தது. பொலித்தீன் பையில் இருந்த அதே வடிவத்தில் வேர்க்கட்டி அப்படியே வந்தது. சுற்றியிருந்த செம்மண்ணில் ஈரம் இருக்கிறது. வேர்க்கட்டிக்குள்ளே மட்டும் தூள் பறக்கிறது. பைக்குள் நிரப்புவது தும்பும் எருவும் கலந்த கலவைதானே. அது ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் லேசில் தண்ணீரை உள்ளே இழுக்காது. நான் விட்டதெல்லாம் பக்கத்தால் வழிந்து வெளிமண்ணுக்குப் போயிருக்கிறது. முதல் வாரங்களில் வெளிமண்ணில் கன்றுக்கு வேரே இல்லை. அத்தனை நாளும் நான் வெறும் மண்ணுக்குத்தான் தண்ணீர் விட்டிருக்கிறேன்.

மற்றக் கன்றுகளுக்கு அன்றே முறையை மாற்றினேன். பழைய வாளியின் அடியில் ஆணியால் ஒரு துளை போட்டு, துளை வேர்க்கட்டிக்கு மேலே வரும்படி தண்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரு வாளி வடிந்து முடிய அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். முதல் தடவை இரண்டு வாளி, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு வாளி. புதுத் துளிர் வந்த பிறகு பாத்தியை இலை விரிந்திருக்கும் அகலத்துக்குப் பெருப்பித்து, வாரத்துக்கு இரண்டு தரம் நிறைய விட்டேன். வேர் வெளியே தேடி வரவேண்டும் அல்லவா. விடுவதற்கு முன் ஒரு காய்ந்த தடியைச் செருகி இழுத்துப் பார்ப்பேன். ஈரமண் ஒட்டி வந்தால் அன்றைக்கு விடமாட்டேன்.

செவ்வரத்தை ஆறும் தப்பிவிட்டது. அது சொல்வழி கேட்கும் செடி.

துணுக்காய்

அக்கா, எனக்கு நடந்தது நேர்மாறு. எங்கள் பக்கம் கறுப்புக் களிமண். இரண்டு தோடங்கன்று வைத்து நாள் தவறாமல் தண்ணீர் விட்டேன். இலை மஞ்சளாகி வாடியது. வாடுகிறதே என்று இன்னும் விட்டேன். அப்பாதான், "முதலில் தோண்டிப் பாரடா தம்பி" என்றார். தோண்டினால் சேற்று நாற்றம், வேர் கறுத்துக் கையோடு கழன்று வருகிறது. தண்ணீர் இல்லாவிட்டாலும் கன்று வாடும், மூச்சுவிட இடமில்லாமல் வேர் அழுகினாலும் வாடும். மேலே நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ஒன்று போய்விட்டது. மற்றதை ஒரு முழ உயரத்தில் மண்மேடு கட்டி அதன் மேலே மாற்றி வைத்தோம். இப்போது காய்க்கிறது. ஒன்று சொல்லவேண்டும்: கோடையில் இந்த மண் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பை மண் போட்டு மூடாமல் தண்ணீர் விட்டால் எல்லாம் அதற்குள்ளே இறங்கிப் போய்விடும்.

முல்லைத்தீவு, கடற்கரைப் பக்கம்

எங்களுக்கு மணல். ஒரேயடியாக எவ்வளவு விட்டாலும் வேரைத் தாண்டிக் கீழே போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி விடுவதுதான் வழி. அம்மம்மா தென்னங்கன்று வைக்கும்போது குழிக்கு அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டையைக் குழிவுப் பக்கம் மேலே பார்க்க இரண்டு அடுக்கு அடுக்குவார். பொச்சு தண்ணீரைக் குடித்து வைத்திருந்து மெல்ல மெல்லக் கொடுக்கும். தென்னை ஆராய்ச்சி நிறுவனமும் குழிக்குள் பொச்சு போடத்தான் சொல்கிறது.

மாதுளைக்கு நான் செய்வது வேறு. சுடுமண் முட்டி ஒன்றைக் கன்றுக்குப் பக்கத்தில் கழுத்து வரை புதைத்து, தண்ணீர் நிரப்பிச் சிரட்டையால் மூடிவிடுவேன். மண் காயக் காய முட்டியில் இருந்து கசியும். இரண்டு நாள் வவுனியாவுக்குப் போய்வந்தாலும் பயமில்லை. பூச்சு அடித்த பானை சரிவராது.

மூடாக்குப் போடுகிறவர்கள் தண்டில் இருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். நான் காய்ந்த சருகைத் தண்டோடு குவித்து வைத்து, கறையான் ஏறி ஒரு பலாக்கன்றின் பட்டையை முழுக்கத் தின்றுவிட்டது.

மறுபடியும் இரணைமடுப் பக்கம்

தம்பி சொன்ன பிறகு மிச்சக் கன்றுகளின் அடியைக் கிளறிப் பார்த்தேன், நாற்றம் இல்லை. இரண்டாவது மாங்கன்று செம்பு நிறத்தில் துளிர் விட்டிருக்கிறது.

பட்டுப்போன கன்றின் குழி இன்னும் சும்மா கிடக்கிறது. இந்த முறை சித்திரையை நம்பவில்லை. ஐப்பசியில் மழை தொடங்கியதும் வைத்தால் மார்கழி வரை வானம் பார்த்துக்கொள்ளும், அடுத்த சோளகம் வருவதற்குள் வேர் ஓடிவிடும். ஆவணியில் எங்கள் கிணறு அடியைத் தொடுகிறது, அப்போது வாளி எண்ணி விடுகிற பாடு எனக்குத்தான் தெரியும். குழியை அகலமாக வெட்டியாயிற்று. பக்கத்து வீட்டில் தேங்காய் உரிக்கும்போதெல்லாம் பொச்சைக் கேட்டு வாங்கிச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.