வேகன் ஆர் காருக்கு முன் டயர் இரண்டை மட்டும் அகலமாகப் போடலாமா?

மாரி ஓட்டம் (களுவாஞ்சிகுடி)
எல்லாருக்கும் வணக்கம். என்னுடையது ஜப்பானில் இருந்து வந்த 660 சிசி வேகன் ஆர், டயர் 155/65 ஆர்14 (அகலம் 155 மில்லிமீற்றர், பக்கச்சுவர் உயரம் அதில் 65 வீதம், ரிம் 14 இஞ்சி). முன் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன, பின்னுக்கு உள்ளவற்றில் இன்னும் பட்டன் (ரோட்டில் படுகிற வெட்டுப் பூ) இருக்கிறது. தங்கச்சி பதுளையில் இருக்கிறாள், அதனால் அம்மா அப்பாவையும் ஏற்றிக்கொண்டு செங்கலடியால் திரும்பி மகா ஓயா ரோட்டால் அடிக்கடி போய் வருவோம். போன மழைக்கு மலை வளைவுகளில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் முன்பக்கம் நேரே வழுக்கிக்கொண்டு போகப் பார்த்தது. டயர் கடையில் பாவித்த 175/65 ஆர்14 சோடி ஒன்று இருக்கிறது, முன்னுக்கு மட்டும் இதைப் போடுங்கள், ரோட்டைக் கவ்விப் பிடிக்கும் என்கிறார்கள். விலையும் குறைவு. போட்டால் ஏதும் தொல்லை வருமா? மாரி தொடங்க முதல் முடிவெடுக்க வேண்டும்.

வாவிக்கரை (மட்டக்களப்பு)
வேண்டாம் தம்பி. அந்தச் சைஸ் உங்கள் ரிம்முக்கே பொருந்தாது. வேகன் ஆரின் கொம்பனி ரிம் 4.5 இஞ்சி அகலம், 175/65 டயருக்குக் குறைந்தது 5 இஞ்சி வேண்டும். ஒடுங்கின ரிம்மில் இழுத்து மாட்டினால் டயரின் பக்கச்சுவர் வெளியே பிதுங்கி நிற்கும், வளைவில் ஆட்டம் காட்டும். உயரமும் ஒத்துவராது. 155/65 டயரின் மொத்த உயரம் ஏறக்குறைய 557 மில்லிமீற்றர், 175/65 என்றால் 583. வேகமானி முன் சில்லின் சுற்றைத்தான் கணக்கெடுக்கிறது, அது 60 காட்டும்போது உண்மையான வேகம் கிட்டத்தட்ட 3 கிலோமீற்றர் கூட இருக்கும். ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சில்லு இறுகி வழுக்காமல் தடுக்கிறது, நாலு சில்லும் சுற்றுகிற வேகத்தை ஒப்பிட்டு வேலை செய்கிற சாமான், முன்னும் பின்னும் வேறு வேறு உயரம் என்றால் அதையும் குழப்புகிறோம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் உள்ளே சொக்கப்சர் பக்கமோ மட்காட்டின் பிளாஸ்டிக்கிலோ உரசும். இப்படி மாற்றின கார்களில் அந்தப் பிளாஸ்டிக் தேய்ந்து பளபளவென்று கறுத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சம்மாந்துறை கராஜ்
வாவிக்கரை சொன்னது சரி, ஆனால் எனக்கு அதைவிடப் பயம் பின்பக்கம்தான். இந்தக் காரில் எஞ்சின், கியர்பொக்ஸ் எல்லாம் முன்னுக்கு, பின்பக்கம் பாரமில்லை. முன் பிடிமானத்தை மட்டும் கூட்டிவிட்டு ஈர வளைவில் திடீரென்று அக்சிலேட்டரை விட்டால் பாரம் முன்னுக்குச் சாயும், பின்பக்கம் இன்னும் லேசாகி வெளியே வீசும். முன்பக்கம் வழுக்கினால் கை உணரும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வீசினால் நம்மில் அநேகமானோருக்கு யோசிக்கவே நேரம் கிடைக்காது, மகா ஓயா தாண்டி ஏறுகிற இடத்தில் அதற்கு இடமும் இல்லை.

அகலமான டயர் மழைக்கு நல்லது என்கிற கதையும் பிழை. காரின் பாரம் அதேதான், காற்றும் அதே அளவு என்றால் நிலத்தில் படுகிற பரப்பு பெரிதாக அதிகரிக்காது, குறுக்காக அகன்று நீளம் குறையும், அவ்வளவுதான். தண்ணீர் தேங்கின இடத்தில் அகல டயர் கூடுதல் தண்ணீரை ஒதுக்க வேண்டும், அதனால் தேய்மானமும் காற்றும் ஒன்று என்றால் ஒடுங்கின டயரைவிட முதலில் மிதப்பது அதுதான்.

இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். பழைய முன் டயர் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது? டயரின் பக்கத்தில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும், கடைசி இரண்டும் வருஷம், முதல் இரண்டும் கிழமை. கடையில் உள்ள சோடிக்கும் அதைப் பாருங்கள்.

அக்கரைப்பற்று ரைடர்
எங்கள் பக்கம் புது டயரை முன்னுக்குப் போட்டுத்தான் பழக்கம், இழுப்பதும் பிரேக்கில் பாதிக்குமேல் பிடிப்பதும் முன் சில்லுதானே. அதுவும் பிழையா?

சம்மாந்துறை கராஜ்
முன் டயர் கெதியாகத் தேயும் என்பது உண்மை. அதற்காகவே எல்லாரும் அப்படிப் போடுகிறார்கள். ஆனால் இரண்டு மட்டும் வாங்கினால் புதியதைப் பின்னுக்குப் போட்டு, பின்னுக்கு இருந்த நல்லதை முன்னுக்குக் கொண்டுவருவதுதான் மழைக்குப் பாதுகாப்பு, டயர் கொம்பனிகளும் அதைத்தான் சொல்கின்றன. நாலும் ஒரே சைஸாக இருந்தால்தான் இப்படி மாற்றிப் போடவும் முடியும்.

மாரி ஓட்டம் (களுவாஞ்சிகுடி)
பார்த்தேன் நானா. முன் டயர் இரண்டிலும் வெளி ஓரம்தான் கூடத் தேய்ந்திருக்கிறது, நடுவில் பட்டன் இன்னும் கொஞ்சம் மிச்சம். உள்ளங்கையைக் குறுக்கே இழுத்தால் ஒரு பக்கம் வழுவழுப்பு, மறுபக்கம் இழுக்கும்போது வாள் பல்லுப் போலக் கையில் தட்டுகிறது. பின் டயர்களில் 1418. கடைச் சோடியில் 3914.

வாவிக்கரை (மட்டக்களப்பு)
3914 என்றால் 2014ஆம் ஆண்டு 39ஆவது கிழமை. பத்து வருஷம் தாண்டின டயர் எந்தச் சைஸாக இருந்தாலும் அம்மா அப்பாவை ஏற்றுகிற காருக்கு வேண்டாம். றப்பர் இறுகிப் போனால் பட்டன் இருந்தும் ஈரத்தில் பிடிக்காது. உங்கள் பின் டயரும் 2018, அவற்றையும் கழற்றுகிற காலம் வந்துவிட்டது.

சம்மாந்துறை கராஜ்
வெளி ஓரத் தேய்வும் அந்த வாள் பல்லும் அலைன்மென்ட் பிழை, சில்லுகளின் முன்பக்கம் உள்ளே திரும்பி நிற்கிறது. காசு கொஞ்சம் சேர்த்து நாலும் புது 155/65 ஆர்14 எடுங்கள், பாரக் குறியீடு (டயர் தாங்குகிற பாரத்தைக் காட்டுகிற இலக்கம்) 75க்குக் குறையக் கூடாது. கட்டாயம் அகலம்தான் வேண்டும் என்றால் நாலுக்கும் 165/60 ஆர்14 யோசிக்கலாம், உயரம் 554 அளவில் வரும், ஆனால் அந்தக் குறிப்பிட்ட டயர் 4.5 ரிம்முக்குச் சரியா என்று கேட்டுவிட்டு. என் மனதுக்கு அது வீண் செலவு.

டயர் போட முதல் டைரொட் முனை (ஸ்டியரிங்கைச் சில்லோடு இணைக்கிற மூட்டு), கீழ் ஆர்ம் புஷ் (சில்லைத் தாங்குகிற கையின் றப்பர் மூட்டு) இரண்டையும் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அது தளர்ந்திருந்தால் அலைன்மென்ட் செய்தாலும் நிற்காது, புது டயரும் அதே மாதிரித் தேயும். காற்றைக் காலையில் டயர் சூடாக முதல், சாரதிக் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கிற அளவுக்கு அடியுங்கள்.

மாரி ஓட்டம் (களுவாஞ்சிகுடி)
பெரிய உதவி. கடைச் சோடி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முதலில் புஷ், டைரொட் பார்த்துவிட்டு நாலும் 155/65 எடுக்கிறேன். கல்முனைப் பக்கம் கணினி அலைன்மென்ட் நன்றாகச் செய்கிற இடம் தெரிந்தால் தனியாக மெசேஜ் போடுங்கள்.