நாராவில் ஒரே நாளில் ஹோர்யூஜி, தோதாய்ஜி ஆகிய இரண்டு புத்தர் கோயில்களையும் பார்க்க முடியுமா?

நவம்பரில் அம்மாவுடன் ஜப்பான் போகிறேன். நாராவுக்கு ஒரு நாள்தான் ஒதுக்க முடிந்தது. தோதாய்ஜியின் பெரிய புத்தரை அம்மா பார்த்தே ஆக வேண்டும். 752இல் அந்தச் சிலைக்குக் கண் திறந்து வைத்தவர் இந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்று சொன்னதிலிருந்து அவருக்கு அதே நினைப்பு. எனக்கோ ஹோர்யூஜி. உலகில் இன்றும் நிற்கிற மிகப் பழைய மரக் கட்டடங்கள் அங்கே இருக்கின்றன. ஆனால் அது நாரா நகரத்துக்கு வெளியே, இகாருகாவில் இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி, வேகமாக நடக்க முடியாது.

காலையில் எதை முதலில் பார்ப்பது நல்லது? ஹோர்யூஜி ரயில் நிலையத்திலிருந்து கோயிலுக்குப் பேருந்து அடிக்கடி கிடைக்குமா? அப்புறம், கோயிலுக்கு வந்ததன் நினைவாகக் கோஷுயின் ஏட்டில் முத்திரையும் கையெழுத்தில் எழுதித் தருவதும் வாங்க எவ்வளவு நேரம் ஆகும்? வயதானவர்களோடு போய் வந்தவர்கள் யாராவது சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.