உயரம் குறைந்த ஹெவிவெயிட்: தம்பி யாரைப் பார்த்துப் பழகுவது?

பள்ளத்தூர்ப் பெண் கேட்டது:

என் தம்பி காரைக்குடியில் கல்லூரியில் படிக்கிறான், குத்துச்சண்டை பழகுகிறான். எடை 93 கிலோ, உயரம் 5 அடி 9 அங்குலம்தான். அவன் பிரிவில் எதிரே வருகிறவர்கள் எல்லாம் ஆறு அடிக்கு மேல். தள்ளி நின்று, முன்னே இருக்கும் கையால் நேரே குத்தும் ஜாப் போட்டே பாயிண்ட் எடுத்துவிடுகிறார்கள். போன போட்டியில் தோற்றதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. “போதும், விட்டுவிடு” என்கிறார்கள் ஆத்தா. எனக்கு மனசு வரவில்லை. உயரம் இல்லாமல் ஜெயித்த ஹெவிவெயிட் யாராவது உண்டா? அவனுக்குக் காட்ட வேண்டும்.

குன்றக்குடியான்:

மைக் டைசன். உயரம் 5 அடி 10 அங்குலம். 1986-ல் 20 வயதிலேயே உலக சாம்பியன். பழைய ஆட்டங்களைத் தேடிப் பாருங்கள்.

தேவகோட்டைப் பெரியவர்:

தாயி, டைசனைப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அந்த வேகம் எல்லோருக்கும் வாய்க்காது. முன்னாள் ஹெவிவெயிட் உலக சாம்பியன் ஜோ ஃப்ரேஸியரைத் தம்பி பார்க்கட்டும்.

எங்கள் அப்பச்சி மலேயாவில் கடையில் இருந்தவர்கள். 1975 ஜூலையில் கோலாலம்பூர் மெர்டேக்கா ஸ்டேடியத்தில் முகமது அலியும் ஜோ பக்னரும் மோதியதை நேரில் பார்த்துவிட்டு, ஊருக்கு வரும்போதெல்லாம் அலி பேச்சுதான். எனக்கு அப்போதே ஃப்ரேஸியர் மேல்தான் பிடிப்பு, இன்றைக்கும் அப்படித்தான். அலி கதையில் வந்துபோகும் எதிராளியாகவே அவரைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது எனக்குப் பொறுக்காது.

1944-ல் தென் கரோலினாவில் பியூஃபோர்ட் பக்கம் பிறந்தவர். ஏழை விவசாயக் குடும்பம், இவர் 12-வது பிள்ளை. சின்ன வயதில் பன்றி துரத்தி விழுந்ததில் இடது கையில் அடிபட்டது. வைத்தியம் பார்க்க வசதியில்லை. கை மடங்கியபடியே கூடிவிட்டது, அப்புறம் முழுதாக நீட்டவே வரவில்லை. அவருடைய பேர்போன குத்து இடது ஹூக். ஹூக் என்பது முழங்கையை மடக்கி வீசுகிற குத்துதானே? அந்தக் கை எப்போதும் பாதி தயாராகவே இருந்தது. சாக்கில் கந்தலும் சோளக்கட்டையும் செங்கல்லும் போட்டு மரத்தில் தொங்கவிட்டுக் குத்திப் பழகினார். பிலடெல்பியாவில் கசாப்புக்கூடத்தில் வேலை பார்த்தபோது, தொங்குகிற மாட்டிறைச்சியையே குத்துவார்.

1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முதலில் தேர்வானவர் பஸ்டர் மேத்திஸ். அவருக்குக் கையில் அடிபட்டதால் இவர் போனார். அரையிறுதியில் கட்டைவிரல் உடைந்தது. வெளியே சொல்லாமல் இறுதிப் போட்டி ஆடித் தங்கம் வாங்கினார்.

இப்போது தம்பிக்கு வேண்டிய விஷயம். 1971 மார்ச் 8, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அலியோடு முதல் ஆட்டம். அலி 6 அடி 3 அங்குலம். இவர் ஆறு அடிகூட இல்லை, எடை 93 கிலோ, உங்கள் தம்பி எடையேதான். கை நீளத்திலும் ஐந்து அங்குலம் குறைவு. ஆனாலும் நடுவர் மூவரும் இவருக்கே வெற்றி கொடுத்தார்கள். எப்படி? நிமிர்ந்து நின்றால் ஜாப் நேரே முகத்தில் இறங்கும் என்று அவருக்குத் தெரியும். அதனால் முழங்காலை மடக்கி, தலையை இடமும் வலமும் மாற்றிக்கொண்டே, ஜாப்புக்கு அடியில் உள்ளே போவார். தலை இடது பக்கம் சாயும்போது உடம்பின் பாரம் இடது காலில் ஏறும். எழும்பும்போது அதே பாரம் இடுப்பு வழியாகத் திரும்பி ஹூக்கில் வரும். தப்பிப்பதும் அடிப்பதும் ஒரே அசைவு. கையை மட்டும் வீசினால் அதில் பலம் இருக்காது.

இன்னொன்று. அலி வலது கையால் அப்பர்கட், அதாவது கீழிருந்து மேலே ஏறும் குத்து, போடும்போது அந்தக் கை கீழே இறங்கி, தாடை திறந்துகொள்ளும். பயிற்சியாளர் எடி ஃபட்ச் அதைக் கண்டுபிடித்து, “கை இறங்கியதும் நீ ஹூக் போடு” என்று சொல்லி வைத்திருந்தார். 15-வது ரவுண்டில் அதுதான் நடந்தது, அலி மல்லாக்க விழுந்தார். தம்பியும் தன்னைத் தோற்கடித்த பையன் ஜாப் போட்டபின் கையை எங்கே கொண்டுபோகிறான் என்று பார்க்கட்டும். வீடியோ இருந்தால் நல்லது.

வீட்டிலேயே பழக வழி உண்டு. வளவில் இரண்டு தூணுக்கு நடுவே தோள் உயரத்தில் கயிறு கட்டி, அதன் அடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையை நுழைத்து எடுத்தபடி முன்னே போய்ப் பின்னே வர வேண்டும். இடுப்பிலிருந்து குனியக் கூடாது, முழங்கால்தான் மடங்க வேண்டும். கண் எப்போதும் எதிரில் இருக்க வேண்டும். நான் பழகியதும் இப்படித்தான். முதல் வாரம் தொடை கடுத்துப் படி ஏற முடியாது. அதைத் தாண்டிவிட்டால் சரியாகிவிடும்.

மருந்துக்கடைக்காரர், கோட்டையூர்:

பெரியவர் ஒரு பாதியைத்தான் சொன்னார். 1973-ல் கிங்ஸ்டனில் ஜார்ஜ் ஃபோர்மன் ஃப்ரேஸியரை இரண்டே ரவுண்டில் ஆறு முறை விழ வைத்தார். 1975 அக்டோபரில் மணிலாவில் அலியோடு மூன்றாவது ஆட்டம். 14 ரவுண்டு முடிந்தபோது ஃப்ரேஸியருக்குக் கண் வீங்கி எதிரே வருகிற குத்தே தெரியவில்லை. உள்ளே போகிறவன் வாங்கவும் வேண்டும். பையனுக்குப் படிப்பு இருக்கிறது, தலை முக்கியம்.

தேவகோட்டைப் பெரியவர்:

அப்பு சொல்வது நியாயம். அந்த ஃபோர்மன் ஆட்டத்தையும் தம்பி கட்டாயம் பார்க்க வேண்டும். அன்றைக்கு ஃப்ரேஸியர் தலை ஒரே தாளத்தில் நேரே உள்ளே வந்துகொண்டிருந்தது. ஃபோர்மன் இரண்டு கையாலும் தள்ளி நிறுத்தி, கீழிருந்து அப்பர்கட் போட்டார். தாளத்தை மாற்றாமல் குனிந்து போகிறவனுக்கு இதுதான் கதி. மணிலாவில் கடைசி ரவுண்டுக்கு எழுந்தவரை உட்கார வைத்து ஆட்டத்தை நிறுத்தியது அதே ஃபட்ச்தான். ஃப்ரேஸியர் தடுத்தும் கேட்கவில்லை. எனக்கு அந்த மனிதர் மேல் அவ்வளவு மரியாதை. தம்பியின் கோச் அப்படி நிறுத்தத் தெரிந்தவரா என்று நீங்கள் நேரில் போய்ப் பேசிப் பாருங்கள் தாயி. தலையில் பலமான அடி பட்டால், டாக்டர் சரி என்று சொல்லும்வரை ரிங் பக்கமே போகக் கூடாது.

பள்ளத்தூர்ப் பெண்:

ரொம்ப நன்றி ஐயா. கோச்சை ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன். ஒரே ஒரு சந்தேகம், தம்பி இடது கைக்காரன். வலது காலை முன்னே வைத்து நிற்பான். அவனுக்கு இது பொருந்துமா?

தேவகோட்டைப் பெரியவர்:

பொருந்தும். அவனுக்கு முன்னே இருக்கும் கை வலது, அதனால் ஹூக்கும் வலது கையில். தன் முன்கால் எதிராளியின் முன்காலுக்கு வெளிப்புறம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளட்டும், அப்போது இடது நேர்குத்தும் திறக்கும். 1971 ஆட்டத்தில் முதலில் 11-வது ரவுண்டைப் போட்டுக் காட்டுங்கள். அலி தள்ளாடும் ரவுண்டு அது. ஃப்ரேஸியர் கையை விட்டுவிட்டு அவர் இடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.