மாடிப்படி லைட்டும் டூ வே சுவிட்சும்: எங்கள் வீடுகளில் பார்த்தது

பழைய வீட்டில் மாடிப்படி லைட்டுக்கு டூ வே சுவிட்ச் (ஒரே லைட்டை இரண்டு இடத்திலிருந்து போட்டு அணைப்பது) வைத்திருப்பவர்கள், அடுத்த முறை பல்பு மாற்றும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்களுடையது கும்பகோணத்தில் அப்பா 1990-களில் கட்டிய வீடு. படிக்குக் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச், திருப்பத்தில் பின் டைப் ஹோல்டர். இத்தனை வருடமும் லைட் ஒழுங்காகத்தான் எரிந்தது. சமீபத்தில் ஹோல்டர் லூஸாகி பல்பு நிற்காமல் போகவே, எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவரைக் கூப்பிட்டேன். பல்பைக் கழற்றிவிட்டு, கீழ் சுவிட்சை மாற்றிப் போடச் சொன்னார். ஹோல்டரின் இரண்டு பின்னிலும் டெஸ்டர் வைத்தார், எரியவில்லை. மற்றவராக இருந்தால் அங்கேயே ஸ்குரூவைக் கழற்ற ஆரம்பித்திருப்பார். இவர், “கீழ் சுவிட்சைப் பழையபடி போட்டுட்டு மேல் சுவிட்சை மாத்திப் போடுங்க தம்பி” என்றார். போட்டேன். இரண்டு பின்னிலும் டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது. அந்த நிலையில் பல்பைப் போட்டால் எரியாது. ஆனால் எந்தப் பின்னைத் தொட்டாலும் ஷாக்.

போர்டைத் திறந்து காட்டினார். டூ வே சுவிட்சில் மூன்று முனை. நடுவில் இருப்பது காமன். முறைப்படி, கீழ் சுவிட்சின் காமனுக்கு பேஸ் (கரன்ட் வரும் வயர்) வர வேண்டும். இரண்டு சுவிட்சின் ஓர முனைகளையும் இரண்டு வயர் இணைக்க வேண்டும். மேல் சுவிட்சின் காமனிலிருந்து பல்புக்கு ஒரு வயர். நியூட்ரல் (கரன்ட் திரும்பும் வயர்) எந்த சுவிட்சையும் தொடாமல் நேராக பல்புக்குப் போக வேண்டும். எங்கள் வீட்டிலோ ஒவ்வொரு போர்டிலும் பக்கத்தில் இருந்த பேஸை ஓர் ஓரத்திலும் நியூட்ரலை மறு ஓரத்திலும் கொடுத்து, இரண்டு காமனையும் பல்பின் இரு பக்கம் கொண்டுபோயிருந்தார்கள். ஒரு பக்கம் பேஸ், மறு பக்கம் நியூட்ரல் என்று வந்தால் லைட் எரியும். இரண்டும் நியூட்ரல் என்றால் அணையும். இரண்டும் பேஸ் என்றாலும் அணையும்! மேலே கீழே இரண்டு போர்டிலும் ஏற்கெனவே பேஸும் நியூட்ரலும் இருப்பதால், மாடிக்கு இழுக்க வேண்டிய வயர் மிச்சம். அதற்காகத்தான் இந்த வேலை.

இன்னொரு ஆபத்தையும் சொன்னார். கட்டை விரல் அகலச் சுவிட்சுக்குள் பேஸும் நியூட்ரலும் எதிரெதிரே நிற்கின்றன. உள்ளே தேய்ந்து போய், மாற்றும்போது தீப்பொறி தாண்டினால் நேரடி ஷார்ட். எங்கள் மேல் சுவிட்சின் ஓர முனை ஏற்கெனவே கருகித்தான் இருந்தது.

மெயினை இறக்கி, பழைய வயரோடு புது வயர்களைக் கட்டி பைப்புக்குள் இழுத்தார். திருப்பத்து வளைவில் மாட்டிக்கொண்டு நன்றாகவே வேலை வாங்கியது. முடிந்ததும் நான்கு விதமாகவும் சுவிட்சைப் போட்டு, லைட் அணைந்திருக்கும் இரண்டு நிலையிலும் ஹோல்டரை டெஸ்ட் செய்து காட்டிவிட்டுத்தான் இறங்கினார். என்னைக் கேட்டால், பழைய வீட்டை வாங்குபவர்கள் முதலில் இந்தச் சோதனையைத்தான் ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்ய வேண்டும்.

*

அண்ணா, நல்ல வேளை அந்த எலக்ட்ரீஷியன் இரண்டாவது சுவிட்சையும் பார்த்தார். நான் மதுரையில் வயரிங் வேலை செய்கிறேன். எங்களுக்கு அடிக்கடி வருவது இதன் இன்னொரு வடிவம்.

கீழ் வீடும் மாடி வீடும் தனித்தனி ஈபி மீட்டர். படி லைட்டுக்கு பேஸ் கீழ் வீட்டு போர்டிலிருந்து. நியூட்ரலை மட்டும் பக்கத்தில் இருக்கிறதென்று மாடி ஹாலிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் தானாக அணைத்துவிடும் பாதுகாப்பு சுவிட்ச்) இல்லாத வரை யாருக்கும் தெரியாது. ஒரு வீட்டில் கீழே புதிதாக 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி மாட்டினார்கள். படி லைட்டைப் போட்டால் போதும், கீழ் வீடு மொத்தமும் இருட்டு. ஆர்சிசிபி வேலையே போன கரன்ட் திரும்பி வருகிறதா என்று பார்ப்பதுதானே. 9 வாட் எல்இடி பல்பு சுமார் 40 மில்லி ஆம்பியர் அல்லது அதற்கு மேல் வாங்கும். அது முழுவதும் வேறு வீட்டு நியூட்ரல் வழியாகப் போனால் டிரிப் ஆகாமல் என்ன செய்யும்? எனக்கு முன்னால் வந்தவர் ஆர்சிசிபி பழுது என்று சொல்லி அதை பைபாஸ் செய்துவிட்டுப் போயிருந்தார். குழந்தைகள் இருக்கிற வீடு. பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது.

டிரிப் ஆவதைவிட மோசம் இது: மாடி மெயினை இறக்கிவிட்டோம் என்ற நம்பிக்கையில் அங்கே நியூட்ரலைக் கழற்றினால், எரிந்துகொண்டிருக்கும் படி லைட் வழியாகக் கீழ் வீட்டு கரன்ட் அந்த வயரில் வந்து நிற்கும். அதனால் பேஸ் எந்த மீட்டரோ, நியூட்ரலும் அதே மீட்டரிலிருந்துதான். ஒரே மீட்டரில் இரண்டு ஆர்சிசிபி இருந்தாலும் இதே கதைதான். அந்த வீட்டில் கீழிருந்து புது நியூட்ரல் இழுத்து, ஆர்சிசிபியைத் திரும்ப இணைத்தேன். இப்போது லைட்டைப் போட்டால் டிரிப் ஆவதில்லை.

*

நீங்கள் இருவரும் சொன்ன மாதிரி ஷாக், டிரிப் எதுவும் எங்கள் வீட்டில் இல்லை. அம்மாவுக்கு முட்டி வலி என்பதால் அவர் அறையில் கதவோரம் ஒன்றும் கட்டில் பக்கம் ஒன்றுமாக டூ வே போட்டோம். எல்இடி பல்பை அணைத்த பிறகும் மங்கலாக மினுங்கிக்கொண்டே இருந்தது. அம்மாவுக்குத் தூக்கமே வரவில்லை.

சுவிட்ச் நியூட்ரலில் இருக்கிறதோ என்று முதலில் பார்த்தார்கள். இல்லை, பேஸில்தான் இருந்தது. இரண்டு சுவிட்சுக்கும் நடுவே நீளமாக ஒட்டியே ஓடும் வயர்களில் ஒன்றில் கரன்ட் இருந்தால், சும்மா இருக்கும் மற்றதிலும் கொஞ்சம் ஏறுமாம். குண்டு பல்புக்கு அது போதாது, எல்இடி மினுங்க அது போதும். அந்தக் கொஞ்ச கரன்ட் பல்புக்குப் போகாமல் விலகிப் போக, எலக்ட்ரீஷியன் ஹோல்டருக்கு இணையாக எக்ஸ்2 வகை (மெயின் கரன்ட்டில் நேராகப் போடத் தகுந்த) கப்பாசிட்டர் ஒன்றை வைத்தார், 0.1 மைக்ரோ ஃபாரட், 275 வோல்ட் ஏசி என்று அதன் மேலேயே போட்டிருந்தது. அன்று இரவே மினுங்கல் நின்றுவிட்டது.

இந்த மாதிரி ஏறும் கரன்ட்டுக்கும் டெஸ்டர் லேசாக எரியும் என்பதால், அவர் சந்தேகம் வந்த இடத்தில் டெஸ்ட் லேம்ப் (வயர் மாட்டிய குண்டு பல்பு) வைத்தும் பார்த்தார். உண்மையான பேஸ் என்றால் லேம்ப் முழுசாக எரியும்.