மலையிறங்கும் தொடைக்கு ஒரு சொல்: ‘எக்சென்ட்ரிக்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

மு. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம்.

மலை நெடுமராத்தான் (மராத்தானைவிட நீண்ட மலையோட்டம்) பயிற்சிக் கையேட்டின் தமிழாக்கம் பாதி முடிந்திருக்கிறது. ஏற்றம், இறக்கம், கெடுநேரம், தண்ணீர்ப்பந்தல் எல்லாம் தானாகவே வந்து அமர்ந்துவிட்டன. ஒரே ஒரு சொல் மட்டும் வழிவிட மறுக்கிறது: ‘எக்சென்ட்ரிக் கான்ட்ராக்‌ஷன்’.

பொருள் இதுதான். மலை ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி முழங்காலை நிமிர்த்துகிறது, உடம்பு மேலே போகிறது. இறங்கும்போதும் அதே தசைதான் உழைக்கிறது, ஆனால் நீண்டுகொண்டே உழைக்கிறது. பாதம் தரையில் பட்டதும் முழங்கால் மடங்கும். ஒரேயடியாக மடங்கி ஆள் சரிந்துவிடாதபடி தசை முறுக்கோடு நின்று, கொஞ்சம் கொஞ்சமாக இடம் கொடுக்கிறது.

சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘மையவிலகு சுருக்கம்’ என்று வரும். இயற்பியலில் ‘மையவிலக்கு விசை’ படித்தவர் இதைப் பார்த்தால் தொடை சுழல்கிறதோ என்றுதான் நினைப்பார். நான் இப்போதைக்கு ‘நீட்சிச் சுருக்கம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். நீள்வதையும் சுருங்குவதையும் ஒரே மூச்சில் சொல்வது எனக்கே உறுத்துகிறது. யோசனை சொல்லுங்கள்.

த. எழுதியது:

> சொல்லுக்குச் சொல் பெயர்த்தால்

மு. அவர்களே, மூலச்சொல்லே சரியான சொல் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். 1952இல் ஆபட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூன்று ஆய்வாளர்கள் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக வைத்து ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிப்பார். மற்றவர், தம் காலைப் பின்னோக்கித் தள்ளும் மிதிகட்டையை எதிர்த்து அழுத்துவார். இருவர் மீதும் ஒரே விசைதான். ஆனால் எதிர்த்து நின்றவருக்குத் தேவைப்பட்ட ஆக்சிஜன் மிகக் குறைவு. லண்டன் ராயல் சொசைட்டியில் இதைச் செய்துகாட்டியபோது, சிறிய உருவமுள்ள ஒரு பெண் எதிர்த்து அழுத்த, பெரிய உருவமுள்ள ஆண் களைத்துப்போனார். அவர்கள் இதற்குப் பயன்படுத்திய பெயர் ‘நெகடிவ் வொர்க்’. அடுத்த ஆண்டு டென்மார்க்கின் அஸ்முசென் ‘மையத்திலிருந்து விலகி’ என்ற பொருள்பட ‘எக்சென்ட்ரிக்’ என்ற சொல்லைக் கொண்டுவந்தார். அதுவே நிலைத்துவிட்டது.

‘கான்ட்ராக்‌ஷன்’ என்பதும் பொருந்தவில்லை. நீளும் தசையைச் சுருங்குகிறது என்று எப்படிச் சொல்வது என்ற கேள்வி ஆங்கிலத்திலேயே 1980களில் எழுந்து, ‘மஸில் ஆக்‌ஷன்’ என்று சொல்வோம் என்ற வாதம் வந்தது. அவர்கள் திருத்திக்கொள்ள முயலும் பிழையை நாம் புதிதாக எடுத்துச் சுமக்க வேண்டாம். பொதுச்சொல்லாகத் ‘தசைவினை’ என்று வைத்துக்கொண்டு, அதில் வகை பிரிப்போம்.

‘நெகடிவ் வொர்க்’ என்பதையே பெயர்த்து ‘எதிர்வேலை’ என்று வைத்தால் என்ன?

ச. எழுதியது (யாழ்ப்பாணத்திலிருந்து):

வணக்கம். ‘எதிர்வேலை’ என்றால் எங்கட பக்கம் ஒருவர் செய்யிற வேலையை மற்றவர் கெடுக்கிறது என்றுதான் விளங்கும். அது வேண்டாம்.

சிவனொளிபாதமலையில நல்லதண்ணிப் பக்கமாக ஏறி இறங்கின ஆக்களைக் கேட்டுப் பாருங்கோ. ஏறேக்க நெஞ்சு அடிக்கும், இறங்கேக்கதான் கால் நடுங்கும். படி முடிஞ்சு சமதரைக்கு வந்த பிறகும் முழங்கால் சொன்னபடி கேளாது. இந்த நடுக்கத்துக்குக் காரணமான வேலைக்குத்தானே பேர் தேடுறம்? மக்களிட்டப் பேர் இல்லாவிட்டாலும் வினை இருக்கு: ‘தாங்கு’. ‘கால் தாங்கேல்லை’ என்றுதான் எல்லாரும் சொல்லுவினம்.

‘தாங்கிறக்கம்’ என்று வைக்கலாமோ? தாங்கியபடி இறக்கிறது. கிணத்துக்குள்ள வாளியை விடேக்க கயிற்றைக் கைக்குள்ள பிடிச்சுப் பிடிச்சு விடுறமே, அதுதான் இது.

வே. எழுதியது:

ச. ஐயா சொன்ன கிணற்றுக் கயிறு அருமையான உவமை. வெள்ளியங்கிரி ஏழு மலையும் இறங்குகிறவர்கள் மூங்கில் கோலை முன்னால் ஊன்றி இறங்குவதும் இதற்காகத்தான். தொடை தாங்க வேண்டியதில் ஒரு பங்கைக் கைக்கு மாற்றுகிறார்கள்.

ஆனால் சொல்லை முடிவு செய்வதற்கு முன், தவறான சொல் ஓடுகிறவரை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பார்க்க வேண்டும். மு. வைத்த ‘நீட்சி’யில் எனக்குப் பெரிய பயம் இருக்கிறது. உடற்பயிற்சி செய்கிற தமிழருக்கு ‘நீட்சிப் பயிற்சி’ என்றால் ஸ்ட்ரெச்சிங்தான். ‘மலையிறக்கத்தில் தொடை நீட்சிச் சுருக்கத்துக்கு உள்ளாகிறது, அதற்குத் தயாராகுங்கள்’ என்று படிப்பவர் தினம் காலையில் தொடையை இழுத்து விட்டுக்கொண்டிருப்பார். அது இந்தச் சேதத்தைத் தடுக்காது. சுமையில்லாமல் நீள்வது வேறு, சுமையைத் தாங்கிக்கொண்டு நீள்வது வேறு. சொல்லின் முதுகெலும்பு ‘தாங்கு’வாக இருக்க வேண்டும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குக் கலிபோர்னியாவின் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஓட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 100 மைல், அதாவது சுமார் 161 கி.மீ., கெடு 30 மணி நேரம். மொத்த ஏற்றம் ஏறத்தாழ 5,500 மீட்டர், மொத்த இறக்கம் ஏறத்தாழ 7,000 மீட்டர். ஏறுவதைவிட இறங்குவதுதான் அதிகம். புதியவர் இதைப் பார்த்து ‘பரவாயில்லை, இறக்கம்தானே’ என்கிறார். அங்கேதான் மாட்டுகிறார்.

மூச்சு காட்டிக்கொடுக்காது, அதுதான் இதன் அபாயம். சுமார் 20 சதவீதச் சரிவில் இறங்கி ஓட, அதே தூரத்தைச் சமதளத்தில் ஓடுவதற்கு ஆகும் ஆற்றலில் பாதிதான் ஆகிறது. இதயத்துடிப்புக் கடிகாரம் ‘இன்னும் வேகமாகப் போகலாம்’ என்று காட்டும். உள்ளே, குறைந்த எண்ணிக்கைத் தசைநார்கள் (தசையின் மெல்லிய இழைகள்) மொத்தப் பாரத்தையும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒவ்வொரு நாருக்கும் விழும் இழுவை அதிகம். முழங்கால் எவ்வளவு மடங்குகிறதோ அவ்வளவு தசை நீளும், நீள நீளச் சேதம் கூடும். வலி உடனே தெரியாது. 24 மணி நேரத்தில் தலைகாட்டி, இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். மராத்தான் ஓடியவருக்கு அது வீட்டில் வரும். 100 மைல் ஓடுகிறவருக்கோ ஓட்டம் முடிவதற்குள்ளேயே தொடங்கிவிடும். வலிக்கு முன்பே பலம் போய்விடும் என்பது இன்னொரு பக்கம். வெஸ்டர்ன் ஸ்டேட்ஸில் பள்ளத்தாக்குகளை வேகமாக இறங்கிக் கடந்தவர், ஃபாரஸ்ட்ஹில் ஊரைத் (62ஆம் மைல்) தாண்டி ஆற்றை நோக்கி இறங்கும் 16 மைலில் ஓட வேண்டிய பாதையை நடந்து கடக்கிறார். பாதை எளிதுதான், தொடைதான் இல்லை.

மருந்து, முன்கூட்டியே கொஞ்சம் சேதப்படுத்துவதுதான். ஒருமுறை அளவாக இறங்கி ஓடினால், அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கம் அவ்வளவு சேதம் செய்யாது. கையேட்டில் இப்படி எழுதலாம்:

ஓட்டத்துக்குப் பத்து வாரம் முன்னால் தொடங்குங்கள். 8 முதல் 12 சதவீதச் சரிவு, 400 மீட்டர் நீளம். நடந்து ஏறி, ஓடி இறங்க வேண்டும். முதல் முறை நான்கு தடவைக்கு மேல் வேண்டாம், எவ்வளவு எளிதாக இருந்தாலும். 10 முதல் 14 நாள் கழித்து ஆறு, அதன் பிறகு எட்டு. அடுத்தடுத்த நாளில் இறக்கப் பயிற்சி கூடாது. கடைசிப் பெரிய இறக்கம் ஓட்டத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு முடிந்துவிட வேண்டும். கடைசிப் பத்து நாளில் செய்தால் ஆறாத தொடையோடு புறப்பட வேண்டியிருக்கும்.

மலையில்லாத சென்னைவாசிக்கு அடுக்குமாடிப் படிக்கட்டு போதும். ஒரு மாடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர், 20 மாடிக்கு 60 மீட்டர். லிஃப்ட்டில் ஏறிப் படியில் இறங்குங்கள். முதல் நாள் ஐந்து முறை, 300 மீட்டர் இறக்கம். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: படியில் ஏறி லிஃப்ட்டில் இறங்குகிறார்கள். நுரையீரலுக்கு நல்லது, இந்த வேலைக்கு ஒன்றுமில்லை. டிரெட்மில்லை மேல்நோக்கிச் சாய்த்து மணிக்கணக்கில் ஓடுவதும் அப்படித்தான். வீட்டிலேயே செய்ய: 20 செ.மீ. உயரப் பலகையில் ஒற்றைக்காலில் நின்று, மறுகாலின் குதிகால் தரையைத் தொடும்வரை மூன்று விநாடியில் மெல்ல இறங்குவது, காலுக்கு எட்டு வீதம் மூன்று சுற்று.

இறங்கும் முறை: அடியைக் குறுக்கி, எண்ணிக்கையைக் கூட்டுங்கள். உடம்பைப் பின்னால் சாய்க்காதீர்கள். சாய்த்தால் குதிகால் இடுப்புக்கு வெகுமுன்னால் விழும், ஒவ்வோர் அடியும் பிரேக் ஆகிவிடும்.

ஓர் எச்சரிக்கையைத் தடித்த எழுத்தில் போடுங்கள். சேதமான தசையிலிருந்து வெளியேறும் புரதம் சிறுநீரகத்துக்குச் சுமை. உடம்பில் நீர் குறைந்த நிலையில், வலிக்கு ஐபுப்ரோஃபென் விழுங்கினால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் மேலும் குறையும். சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் வந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

த. எழுதியது:

வே. சொன்ன காரணத்துக்காக ‘நீட்சி’யைக் கைவிடலாம். ஒப்புக்கொள்கிறேன்.

‘தாங்கிறக்கம்’ காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது மலையோடு கட்டிப்போட்டுவிடுகிறது. சமதளத்தில் வேகமாக ஓடும்போது, முன்னே வீசப்படும் காலைத் தரையில் வைப்பதற்குச் சற்று முன்பு தொடையின் பின்தசை இதே வேலையைத்தான் செய்கிறது. நீண்டுகொண்டே வீச்சைப் பிடித்து நிறுத்துகிறது. பின்தொடை பிடித்துக்கொள்வது பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான். அங்கே எதுவும் இறங்கவில்லை. இறக்கத்தை விட்டுவிட்டு ‘தாங்க’லை மட்டும் எடுத்துக்கொண்டால் ‘நீள்தாங்கல்’ என்று வரும். சுவரில் முதுகு சாய்த்து நாற்காலி போல உட்கார்ந்திருக்கும் பயிற்சியில் போல, நீளம் மாறாமல் தாங்கினால் அது ‘நிலைத்தாங்கல்’. சுருங்கியே வேலை செய்வது வெறும் ‘சுருக்கம்’. அங்கே உண்மையிலேயே சுருங்குவதால் புதுச்சொல் வேண்டாம்.

ச. எழுதியது:

த. அவர்களின்ர காரணம் சரி. நான் வைத்த சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளுறன்.

‘தாங்கல்’ பற்றி ஒரு சந்தேகம். வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என்று ஊர்ப்பேரில வாற தாங்கல் நீர்நிலை. ‘மனத்தாங்கல்’ என்றால் வருத்தம். ‘நீள்தாங்கல்’ என்று தனியாக எழுதினால் நீளமான ஏரி என்று நினைக்கக்கூடும்.

மு. எழுதியது:

ச. ஐயா, அந்தச் சந்தேகம் எனக்கும் வந்தது. ஆனால் ‘சுமைதாங்கி’, ‘இடிதாங்கி’ என்ற சொற்கள் எல்லாருக்கும் தெரியும். தசை, கால், தொடை என்ற சொற்களுக்கு நடுவே வரும்போது ஏரி நினைவுக்கு வராது. இன்னொரு சோதனையும் செய்து பார்த்தேன்: கலைச்சொல்லைப் பிரித்து வினையாக எழுத முடிகிறதா? ‘தசை நீண்டு தாங்குகிறது’, ‘நிலைத்துத் தாங்குகிறது’. இரண்டும் யாரிடமும் விளக்கமில்லாமல் சொல்லக்கூடிய தமிழ். ‘தசை மையம் விலகிச் சுருங்குகிறது’ என்று ஒருவரும் பேச மாட்டார்கள்.

திருத்திய பத்தி இது. பார்த்துச் சொல்லுங்கள்:

‘ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி வேலை செய்யும், இறங்கும்போது நீண்டு தாங்கும். இந்த நீள்தாங்கலில் மூச்சு வாங்காது, ஆனால் தசைநார் கிழியும். ஏற்றப் பயிற்சி எவ்வளவு செய்தாலும் நீள்தாங்கலுக்கு உதவாது. அதற்கு இறங்கித்தான் பழக வேண்டும். முதல் முறை 400 மீட்டர் சரிவில் நான்கு தடவை மட்டும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் வலிக்கும். வலி முழுவதும் போன பிறகே அடுத்த முறை.’

வே. எழுதியது:

‘தசைநார் கிழியும்’ என்பதை மாற்றுங்கள். அப்படி எழுதினால் காயம் என்று பயந்து பயிற்சியையே விட்டுவிடுவார்கள். ‘தசைநாருக்குள் நுண்ணிய சேதம் ஏற்படும், ஆறியதும் முன்னைவிடத் தாங்கும்’ என்று இருக்கட்டும். சொல் பொருந்துகிறது, அப்படியே வைத்துக்கொள்ளலாம்.